கீழ்வீடு காலியாக 11 மாதம்

போன மாதம் நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தம்பி ஒருவர் சமீபத்தில்தான் இரண்டு குடித்தன வீடு ஒன்று வாங்கியிருக்கிறாராம். "அக்கா, கீழ்வீட்டுக்கு செக்‌ஷன் 8 வவுச்சரோட ஒரு குடும்பம் கேக்குது. முடியாதுன்னு சொல்லிடலாமா? உங்களுக்கு ஏதோ பெரிய தொந்தரவாப் போச்சாமே?" என்று கேட்டார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன வவுச்சர், வருமானம் குறைந்த குடும்பங்களின் வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் உதவி. முதலில் அவர் கேட்டதற்குப் பதில். நியூ ஜெர்சியில் அப்படி மறுக்க வழியில்லை. வாடகைப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் சொல்கிறது. முதல் தடவைக்கே 10,000 டாலர் வரை அபராதம் விழலாம். 1999-லேயே மாநில உச்ச நீதிமன்றமும் வவுச்சரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு குடித்தன வீட்டில் ஒன்றில் வீட்டுக்காரரே குடியிருந்தால் விதிவிலக்கு உண்டு. அந்தத் தம்பியும் அங்கே இல்லை, நாங்களும் எங்கள் வாடகை வீட்டில் இல்லை. டெக்சஸில் இருக்கும் என் அத்தை மகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. செக்‌ஷன் 8-ன் அடிப்படை விதிகள் மத்திய அரசுடையவை, எல்லா ஊருக்கும் ஒன்றுதான். குடித்தனக்காரரைக் காலி செய்ய வைக்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் நான் சொல்வதை நியூ ஜெர்சி அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. 2015-ல் வாங்கினோம். மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். 2022 ஏப்ரலில் கீழ்வீட்டுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவும் அவருடைய 12 வயதுப் பேத்தியும் வந்தார்கள். ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்கு வேலை. வாடகை 1,900 டாலர். அதில் அவருடைய பங்கு 412. மீதி 1,488 டாலரை, வவுச்சர் திட்டத்தை உள்ளூரில் நடத்தும் அரசு அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டி மாதம் பிறந்ததும் நேராக எங்கள் கணக்கில் போட்டுவிடும். வவுச்சர் வைத்திருப்பவர் பொதுவாகத் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுப்பார், மிச்சத்தை அரசு கொடுக்கும். 1974-ல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து தொடங்கிய திட்டம் இது.

முதல் ஒன்பது மாதம் எந்தக் குறையும் இல்லை. அந்த அம்மா தன் 412 டாலரை ஒரு மாதம்கூடத் தாமதிக்கவில்லை. கடைசி மாதம் வரை அப்படித்தான். வாடகை தராதவரைக் காலி செய்ய வைப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். ஒழுங்காக வாடகை தந்துகொண்டு, அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாத குடித்தனம் என்றால் அது வேறு கதை.

2023 ஜனவரியில் அவருடைய மகன் வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், அவன் பெயர் கிடையாது. முதலில் இரண்டு நாள், அப்புறம் இரண்டு வாரம், அப்புறம் அவனுடைய சாமான்களும் வந்துவிட்டன. கூடவே நண்பர்கள். டிரைவ்வேயில் நடுராத்திரியில் கார் ரிப்பேர், சுவர் அதிரும் பாட்டு, வாசலில் சண்டை, படிக்கட்டில் சிகரெட் துண்டுகள்.

மேல்வீட்டில் ஒரு மலையாளி நர்ஸும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். நர்ஸுக்கு ராத்திரி டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் கீழே பாட்டு. டியூட்டி இல்லாத ராத்திரிகளில் இன்னும் மோசம். "சேச்சி, நான் ஐசியுவில் வேலை பார்க்கிறேன். தூங்காமல் போய் மருந்தின் அளவை மாற்றிப் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு நாள் போனில் அழுதுவிட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு முழுதாக உறைத்தது. வீட்டுக்காரருக்குக் கீழ்வீட்டு வாடகையோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மேல்வீட்டுக்காரரும் நிம்மதிக்குச் சேர்த்துத்தான் வாடகை தருகிறார். மாதம் 150 டாலர் வாடகையைக் குறைத்து, பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பெண் பொறுத்துக்கொண்டதால்தான் கடைசியில் எங்கள் கேஸுக்குப் பலம் கிடைத்தது.

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவிடம் சொன்னபோது, "பாப்பா, தண்ணி மோட்டாரை ரெண்டு நாள் நிறுத்தும்மா, தானா போயிடுவாங்க. நாங்க அப்படித்தான் ஒரு குடித்தனத்தைக் காலி பண்ண வச்சோம்" என்றார். அவர் காலத்தில், அவர் ஊரில் நடந்திருக்கலாம். இங்கே தண்ணீரையோ கரண்டையோ ஹீட்டரையோ நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் சட்டப்படி குற்றம். குடியிருப்பவர் எவ்வளவு தொல்லை கொடுத்தாலும், நீதிமன்றம் தீர்ப்பளித்து, நீதிமன்ற அதிகாரி உத்தரவோடு வந்துதான் வெளியேற்ற முடியும். வேறு வழி கிடையாது.

மார்ச் மாதம் நானாக ஒரு கடிதம் எழுதினேன். சத்தம் அதிகமாக இருக்கிறது, மகன் இங்கே தங்கக் கூடாது, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று அன்பாகத்தான் எழுதினேன். நேரில் போனபோது அந்த அம்மா வேலைக்குப் போயிருந்தார். பேத்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே ஹவுசிங் அத்தாரிட்டிக்குப் போன் செய்து, "உங்கள் வவுச்சரில் இருப்பவர் இப்படிச் செய்கிறார், நீங்கள் கண்டியுங்கள்" என்றேன். போனை எடுத்தவர் பொறுமையாகவே சொன்னார்: "லீஸ் உங்களுக்கும் அவருக்கும் நடுவில். குடித்தனக்காரரின் நடத்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு விதியைப் படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஹவுசிங் அத்தாரிட்டி பார்ப்பது வருமானம், குடும்ப அளவு போன்ற தகுதிகளை. இவர் வீட்டை எப்படி வைத்துக்கொள்வார், அக்கம்பக்கத்தோடு எப்படி இருப்பார் என்று விசாரிக்க வேண்டியது நாம்தான். அதற்கு அவர்கள் உதவியும் செய்ய வேண்டும். அந்தக் குடும்பத்தின் இப்போதைய முகவரி, தெரிந்திருந்தால் இப்போதைய வீட்டுக்காரரும் முந்தைய வீட்டுக்காரரும் யார் என்ற விவரம், எல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று மத்திய அரசு விதியே இருக்கிறது. நான் கேட்கவே இல்லை. வவுச்சர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் எல்லாம் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வவுச்சரைக் காரணம் காட்டி மறுக்கத்தான் கூடாது. வரும் எல்லாரிடமும் கேட்கும் அதே கேள்விகளை இவரிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "மகனுக்காக மாதம் 150 டாலர் சேர்த்துக் கையில் தந்துவிடுகிறேன்" என்றார். என் கணவருக்கு ஒரு நிமிஷம் சபலம்தான். மேல்வீட்டுக்குக் குறைத்த தொகை அப்படியே வந்துவிடுகிறதே! நல்லவேளையாக நான் அத்தாரிட்டியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அத்தாரிட்டி ஏற்றுக்கொண்ட வாடகைக்கு மேல் ஒரு டாலர் தனியாக வாங்கினாலும் ஒப்பந்த மீறல். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், திட்டத்திலிருந்தே நம்மைத் தள்ளிவைக்கவும் செய்வார்கள். அதோடு, பணம் வாங்கிவிட்டால் மகன் அங்கே இருப்பதை நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி போலீஸ் வந்தது. உள்ளே சண்டை, கண்ணாடி உடைந்த சத்தம், பேத்தி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள் என்று நர்ஸ் சொன்னார். திங்கட்கிழமையே வக்கீலைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் வழக்குகளை மட்டுமே நடத்துகிறவர்.

அவர் மேஜையில் என் கடிதத்தை வைத்ததும் இரண்டு கேள்வி கேட்டார். "யார் கையில் கொடுத்தீர்கள்?" பேத்தியிடம் என்றேன். "என்ன வயது?" பன்னிரண்டு. காலி செய்யும் நோட்டீஸை ஒன்று குடியிருப்பவரிடமே தர வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் 14 வயதுக்கு மேற்பட்ட குடும்பத்தாரிடம் தர வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்தையும் அதே கவனத்தோடு கொடுப்பதுதான் தன் வழக்கம் என்றார். கடிதத்தில் எழுதியிருந்ததும் போதாது. 'சத்தம் அதிகம்' என்றால் எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சத்தம், லீஸின் எந்தப் பிரிவுக்கு மாறானது? எதுவும் அதில் இல்லை. இரண்டு மாதம் வீணாகிவிட்டது.

நியூ ஜெர்சியில் 1974-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் அங்கே குடியிராத வீடு என்றால், லீஸ் முடிந்துவிட்டது என்பதற்காகக் குடித்தனக்காரரைப் போகச் சொல்ல முடியாது. சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றாவது வேண்டும். எங்கள் ஒரு வருஷ லீஸ் மார்ச் கடைசியோடு முடிந்திருந்தும் அதனால் எங்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அக்கம்பக்கத்தின் அமைதியைக் கெடுப்பது ஒரு காரணம், லீஸை மீறுவது இன்னொரு காரணம். இரண்டிலும் முதலில் 'நோட்டீஸ் டு சீஸ்' கொடுக்க வேண்டும். இதை நிறுத்துங்கள் என்று சொல்லும் எச்சரிக்கை அது. கொடுத்த பிறகும் நிறுத்தவில்லை என்று காட்ட முடிந்தால்தான் 'நோட்டீஸ் டு குவிட்', அதாவது வீட்டை விட்டுப் போகச் சொல்லும் நோட்டீஸ். அமைதியைக் கெடுத்ததற்கு 3 நாள் அவகாசம், லீஸை மீறியதற்கு ஒரு மாதம். அதற்குப் பிறகுதான் வழக்கு. முதல் படியைச் சரியாக வைக்காவிட்டால், மேலே எத்தனை படி ஏறியிருந்தாலும் நீதிபதி கீழே இறக்கிவிடுவார்.

என் கணவர், "நாங்களே அங்கே குடிபோகிறோம் என்று சொன்னால்?" என்று கேட்டார். மூன்று குடித்தனத்துக்கு மேற்படாத வீடு என்றால் அதுவும் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணம்தான், இரண்டு மாத நோட்டீஸ் போதும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுக் குடிபோகாமல் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டால், காலி செய்து போனவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் போல மூன்று மடங்கும் வக்கீல் செலவும் கட்ட வேண்டியிருக்கும். எங்களுக்குப் போகிற எண்ணமே இல்லை. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம்.

அடுத்துதான் வக்கீல் அந்தச் சனிக்கிழமை ராத்திரியைப் பற்றிக் கேட்டார். "யார் யாரை அடித்தது?" எனக்குத் தெரியவில்லை. "தெரிந்துகொண்டு வாருங்கள். மகன் அம்மாவை அடித்திருந்தால், அந்தச் சம்பவத்தைக் காட்டி அந்த அம்மாவைக் காலி செய்ய வைக்க முடியாது." பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான மத்திய அரசுச் சட்டம் 1994-ல் வந்தது. செக்‌ஷன் 8 வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பை 2005-ல் சேர்த்தார்கள். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு ஆளானவரை, அந்த வன்முறையையே காரணமாக்கி வெளியேற்றக் கூடாது.

நியூ ஜெர்சியில் அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்க ஓப்ரா என்ற சட்டம் இருக்கிறது. பொதுவாக ஏழு வேலை நாளில் பதில் வரும். அந்த முகவரிக்குப் போலீஸ் வந்த விவரங்களைக் கேட்டு விண்ணப்பம் போட்டேன். ஐந்து முறை வந்திருந்தது. நான்கு முறை சத்தத்துக்காக. அந்த ஐந்தாவது என்னவென்று காகிதத்தில் தெளிவாக இல்லை. நர்ஸின் அம்மாதான் சொன்னார்: மகன் தள்ளிவிட்டதில் அந்த அம்மா கீழே விழுந்திருக்கிறார், முழங்கையில் கட்டோடு வேலைக்குப் போயிருக்கிறார்.

அதுவரை நான் அந்த அம்மாவை, மகன் அராஜகம் செய்வதைக் கண்டும் காணாமல் இருக்கிற ஒருவராகத்தான் பார்த்திருந்தேன். அவர் அவனுக்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 150 டாலர் தருகிறேன் என்று அவர் போனில் சொன்னபோது குரல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வக்கீல் அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு, மற்ற நான்கையும் நர்ஸ் எழுதிவைத்த குறிப்புகளையும் வைத்து ஜூனில் முறையான எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பினார். அந்தக் குறிப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் நான்தான் எழுதிவைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது 20 மைல் தள்ளி. நான் காதால் கேட்காததை நான் எழுதினால் அது சாட்சியம் ஆகாது. கேட்டவர் எழுத வேண்டும், கேட்டவரே நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். நர்ஸ் ஒரு டைரி போட்டு, டியூட்டி சார்ட் எழுதுவதைப் போலத் தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், என்ன கேட்டது என்று எழுதினார். தன் கருத்து ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. வக்கீல் அதைப் பார்த்து, இவரே போதும் என்றார்.

நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் வீட்டை அத்தாரிட்டி இன்ஸ்பெக்‌ஷன் செய்தது. அந்த அம்மா புகார் கொடுத்திருந்தார். ஜன்னல் உடைந்திருக்கிறது, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஜன்னலை உடைத்தது அவர் மகன்தான். ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆனால், உயிருக்கு ஆபத்தான குறையை 24 மணி நேரத்திலும் மற்றவற்றை 30 நாளிலும் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் அத்தாரிட்டியின் பங்கு நின்றுவிடும். குடித்தனக்காரர் செய்த சேதம் என்று காட்ட முடிந்தால் அந்தப் பொறுப்பு அவருடையது என்று விதி சொல்கிறது. அதற்குக் குடிவந்த நாளில் எடுத்த போட்டோ வேண்டும். என்னிடம் இருந்தது நான்கே நான்கு போட்டோ, ஜன்னல் ஒன்றிலும் இல்லை. 340 டாலர் செலவழித்து ஒரே வாரத்தில் சரிசெய்தேன்.

அவர் புகார் கொடுத்த உடனே காலி செய்யும் நோட்டீஸ் அனுப்பினால், பழிவாங்குவதாக நீதிபதி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. எங்கள் எச்சரிக்கை புகாருக்கு முந்தைய தேதியில் இருந்தது எங்களைக் காப்பாற்றியது. இருந்தாலும் வக்கீல் செப்டம்பர் வரை காத்திருந்தார். சத்தம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தொடர்ந்தது. நர்ஸின் டைரியில் பதினோரு பதிவுகள்.

செப்டம்பரில் ஒரு மாத அவகாசத்தோடு காலி செய்யும் நோட்டீஸ். அதன் நகல் ஒன்று ஹவுசிங் அத்தாரிட்டிக்கும் போக வேண்டும். மறந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். எச்சரிக்கை நோட்டீஸின் நகலையும் நாங்கள் அனுப்பியிருந்தோம். இன்னொன்று: நோட்டீஸ் கொடுத்த பிறகும் அத்தாரிட்டியின் 1,488 டாலர் தானாகக் கணக்கில் வந்துகொண்டேயிருக்கும். வழக்குத் தொடங்கிவிட்டது என்பதற்காக அது நிற்காது, தீர்ப்பு வரும்வரை தர வேண்டும் என்பது விதி. அந்தப் பணத்தை வாங்குவதால் எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வக்கீல் ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

அக்டோபர் கடைசியில் வழக்குப் போடப்போனால் இன்னொரு தடை. வீட்டுக்காரர் குடியிராத இரண்டு குடித்தன வீட்டை நகராட்சி கிளார்க்கிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் காலி செய்யும் தீர்ப்பு கிடைக்காது. எட்டு வருஷமாக நான் பதிவே செய்யவில்லை! வரி கட்டுகிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம், அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். இதைப் படிக்கும் நியூ ஜெர்சிக்காரர்கள் தயவுசெய்து இன்றே உங்கள் பதிவைச் சரிபாருங்கள். அரை மணி நேர வேலை. வீடு உங்கள் பெயரில் இல்லாமல் எல்எல்சி என்ற நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வக்கீல் இல்லாமல் நீங்களே போய் வாதாட முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னதுதான் எனக்கு இந்த வழக்கின் மையத்தைக் காட்டியது. வவுச்சர் வைத்திருக்கும் ஒருவர் கடுமையான லீஸ் மீறலுக்காக வழக்கில் வெளியேற்றப்பட்டால், அத்தாரிட்டி அவருடைய உதவியை நிறுத்தியாக வேண்டும். அதில் அத்தாரிட்டிக்கு விருப்பமெல்லாம் கிடையாது. அந்த அம்மா இந்த வவுச்சருக்காக ஏழு வருஷம் காத்திருந்தவர், குடிவந்தபோது அவரே சொல்லியிருக்கிறார். நான் கேட்பது என் கீழ்வீட்டை. தோற்றால் அவர் இழப்பது இனி அவர் வாழ்நாளில் திரும்பக் கிடைக்குமா என்று தெரியாத ஒன்றை. 412 டாலரில் பேத்தியோடு குடியிருக்க இந்தக் கவுண்டியில் வேறு இடம் கிடையாது. அவர் கடைசிவரை போராடத்தான் செய்வார், நானாக இருந்தாலும் போராடியிருப்பேன். அதே நேரத்தில், வவுச்சரைக் காப்பாற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தால் அவரே அதைத்தான் தேர்ந்தெடுப்பார். இது மார்ச்சிலேயே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தில் மிரட்டியிருக்க மாட்டேன். உட்கார்ந்து பேசியிருப்பேன்.

டிசம்பரில் விசாரணைக்கு முந்தைய சமரசப் பேச்சு. அந்த அம்மாவுக்கு இலவசச் சட்ட உதவி மூலம் ஒரு வக்கீல் கிடைத்திருந்தார். நல்ல கூர்மையான பெண். நர்ஸின் டைரியைப் பார்த்ததும் வழக்கு எங்கே போகும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "தீர்ப்பு என்று எதுவும் வரக் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை" என்றார். எங்கள் வக்கீல் என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

இரு தரப்பும் சம்மதித்து லீஸை முடித்துக்கொள்வது. பிப்ரவரி கடைசித் தேதிக்குள் அந்த அம்மா காலி செய்வது. மகன் அன்றிலிருந்தே வீட்டில் தங்கக் கூடாது. சொன்ன தேதியில் போனால் வழக்கை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வது, போகாவிட்டால் மறுபடி நீதிபதி முன்னால் நிற்கலாம். வீடு மாற்றும் செலவுக்கு நாங்கள் 1,000 டாலர். தேதியை நிச்சயித்ததில்தான் அவருடைய வக்கீலின் அனுபவம் தெரிந்தது. வேறு வீடு தேட அத்தாரிட்டி புதிதாக வவுச்சர் கொடுக்க வேண்டும், அதில் தேடக் கொடுக்கும் காலம் குறைந்தது 60 நாள். நாங்கள் முதலில் கேட்டபடி ஜனவரிக்குள் என்று எழுதியிருந்தால், அவருக்குப் போக இடமே இருந்திருக்காது. சம்மதக் கடிதத்தை அன்று மாலையே அத்தாரிட்டிக்கு அனுப்பினோம். வவுச்சரை வேறு கவுண்டிக்கும் கொண்டுபோகலாம். அவருடைய தங்கை இருக்கும் ஊர்ப்பக்கம் தேடுவதாகச் சொன்னார்.

வராந்தாவில் அவரும் நானும் சில நிமிஷம் தனியாக நின்றோம். "நான் அவனைப் போ என்று சொல்ல முடியவில்லை" என்றார். "இப்போது காகிதம் சொல்கிறது. நான் சொல்லவில்லை." அந்தக் கையெழுத்து அவருக்கும் தேவையாக இருந்திருக்கிறது.

ஜனவரியில் மகன் இல்லை. சத்தமும் இல்லை. நர்ஸ் ஒரு நாள் எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன் என்று மெசேஜ் அனுப்பினார். 2024 பிப்ரவரி 27-ம் தேதி அந்த அம்மா சாவியைக் கொடுத்தார். அந்த மாதத்துக்கான அத்தாரிட்டியின் பங்கை நாம் வைத்துக்கொள்ளலாம், அடுத்த மாதத்துக்கு வராது.

வக்கீல் செலவு 2,200. வீட்டைச் சரிசெய்ய 3,100. டெபாசிட்டாக ஒரு மாத வாடகை 1,900 வாங்கியிருந்தேன். ஒன்றரை மாதம் வரை வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தப் பணத்தை வட்டி தரும் தனிக் கணக்கில் வைத்து, காலி செய்த 30 நாளுக்குள் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் இரண்டு மடங்காகத் தர நேரிடும். உடைந்த கதவுக்கும் எரிந்த தரைக்கும் ரசீதும் போட்டோவும் வைத்துக் கழித்துக்கொண்டேன். கணக்கு 19-வது நாள் அவருக்குப் போனது. ஜன்னலைக் கழிக்கவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

இப்போது கீழ்வீட்டில் இருப்பதும் வவுச்சர் குடும்பம்தான். குடிவரும் முன் இரண்டு பழைய வீட்டுக்காரர்களிடம் பேசினேன். சாவி கொடுத்த அன்று அந்தக் குடும்பத் தலைவரையும் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலையும் வீடியோ எடுத்தேன். வந்து தங்கும் விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம் என்று லீஸில் எண் போட்டு எழுதியிருக்கிறது. புதிய ஆள் சேர வேண்டுமென்றால் அத்தாரிட்டியின் ஒப்புதலும் வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிட்டோம்.

2024 மார்ச்சில் எனக்கு ஒரு போன் வந்தது. வேறு கவுண்டியில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர். அந்த அம்மா அவரிடம் வீடு கேட்டிருக்கிறாராம், முந்தைய வீட்டுக்காரர் என்று என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா தங்கை வீட்டில் தற்காலிகமாக இருக்கிறார், வவுச்சரின் காலம் முடிய இன்னும் சில வாரமே இருக்கிறது என்று அவர் பேச்சிலிருந்து புரிந்தது. நான் கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் அவர் கேட்டார். வாடகை 23 மாதமும் ஒரு நாள் தவறாமல் வந்தது என்றேன். மகன் வந்து தங்கியதையும் சத்தம் இருந்ததையும் மறைக்கவில்லை. அவன் போன பிறகு இரண்டு மாதம் அதே வீட்டில் அவரும் பேத்தியும் எப்படி இருந்தார்கள் என்பதையும் சொன்னேன்.

"அவருக்கு நீங்கள் மறுபடி வீடு கொடுப்பீர்களா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரும் பேத்தியும் மட்டும் என்றால், கொடுப்பேன்" என்றேன்.